100 பவுண்டு கடிதமும் செம்ஸ்ஃபோர்டு பயணமும்

நவம்பர் மாதத்தின் ஒரு புதன்கிழமை. லண்டனின் கிழக்கே இருக்கும் இல்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மூன்று பேர் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் நாகர்கோவிலில் இருந்து வந்து நான்கு வருடமாக இங்கே வாழும் இளம்பெண். மற்ற இருவரும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட கணவன், மனைவி. ஈஸ்ட்ஹாமில் வீடு. அந்தப் பெண்ணும் பெரியவரும் எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரே கடையில் வேலை செய்கிறார்கள். இன்று இருவருக்கும் விடுமுறை.

"எங்க போறோம்னு கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க அண்ணா" என்கிறார் அந்தப் பெண்.

"ஓம் பிள்ளை. ஆக்கள் லண்டனுக்கு வந்தால் பாலம் பார்ப்பினம், அரண்மனை பார்ப்பினம். நாங்கள் கார் பார்க் பார்க்கப் போறம்" என்று சிரிக்கிறார் பெரியவர்.

உண்மைதான். அவர்கள் போவது ஒரு கார் நிறுத்துமிடத்தைப் பார்க்க. ஆனால் அது சாதாரண இடம் அல்ல. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போன இடம்.

ஒன்பதாம் நாள் வந்த கடிதம்

அந்தப் பெண் வேலை செய்வது நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு வணிக வளாகத்தில். நம் ஊரில் ஷாப்பிங் மால் என்றால் மாடி மேல் மாடியாக இருக்கும். இங்கே 'ரீடெய்ல் பார்க்' என்பது வேறு மாதிரி. பெரிய ஷெட் போன்ற கடைகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குக் கார் நிறுத்துமிடம். கார் இல்லாதவர்கள் அங்கே போவதே சிரமம். காலை 6.30 மணி ஷிஃப்டுக்குப் பஸ்ஸை நம்பிப் போக முடியாது.

கடைக்குப் பின்னால் ஊழியர்கள் கார் நிறுத்த இடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கார் எண்ணை வாங்கிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியல், வளாகத்தைக் கவனிக்கும் தனியார் பார்க்கிங் நிறுவனத்திடம் போகும். நுழைவாயில் கம்பத்தில் இருக்கும் கேமரா, வரும் போகும் ஒவ்வொரு காரின் எண்ணையும் படிக்கும். பட்டியலில் இருந்தால் விட்டுவிடும். இல்லாவிட்டால் கடிதம்தான்.

அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய சின்னக் கார் கிளம்பவில்லை. பேட்டரி போய்விட்டது. கணவருக்கு அன்று வீட்டில் இருந்தே வேலை. அவருடைய காரை எடுத்துக்கொண்டு போனார். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான்.

ஒன்பதாவது நாள் கணவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. காரின் இரண்டு படங்கள், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். 'அனுமதியின்றி நிறுத்தியதற்கு 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 60.'

100 பவுண்டு என்றால் ஏறக்குறைய 11,000, 12,000 ரூபாய். பிரிட்டனில் 2025 ஏப்ரலில், 21 வயதானவர்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 60 பவுண்டு என்பது ஐந்து மணி நேர உழைப்பு. 100 பவுண்டு என்றால் ஒரு முழு நாள் ஷிஃப்ட். வேலைக்குப் போனதற்கே ஒரு நாள் கூலியைப் பிடுங்கிக்கொள்வதா?

"கட்டிடலாம்மா. நம்ம விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வந்துடப் போகுது" என்றார் கணவர். வெளிநாட்டில் இருக்கும் பலருக்கும் முதலில் வரும் பயம் இதுதான்.

கட்டவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம்

மறுநாள் டீ இடைவேளையில் கடிதத்தைப் பெரியவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தார்.

"பிள்ளை, உதை உடன கட்டவும் வேண்டாம். குப்பையில போடவும் வேண்டாம். முதல்ல ஆர் அனுப்பினது எண்டு பாருங்கோ. கவுன்சிலோ, பிரைவேட்டோ?"

அந்தக் கேள்வியில் பாதி விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் நகராட்சி அனுப்பும் அபராதத்துக்கும் தனியார் நிறுவனம் அனுப்பும் கடிதத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கெழுத்து, பிசிஎன். நகராட்சியின் பிசிஎன் 'பெனால்டி சார்ஜ்'. அது சட்டம் தந்த அதிகாரத்தில் விதிக்கும் அபராதம். தனியாரின் பிசிஎன் 'பார்க்கிங் சார்ஜ்'. அது அபராதமே அல்ல. 'எங்கள் போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை ஏற்றுத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள். அதை மீறியதால் இந்தத் தொகையைத் தர வேண்டும்' என்று கேட்கும் ஒரு கோரிக்கை. காகிதத்தின் நிறமும் எழுத்தும் சர்க்கார் கடிதம் போலவே இருப்பதால் பலர் பயந்து கட்டிவிடுகிறார்கள்.

இது குற்ற வழக்கு கிடையாது. போலீஸுக்கு இதில் வேலை இல்லை. கடன் பாக்கி போன்ற சிவில் விவகாரம்.

அப்படியானால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்து. அந்த நிறுவனம் கவுன்டி கோர்ட்டில் வழக்குப் போட முடியும். பதில் தராமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அந்தத் தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடத்துக்குக் கடன் வரலாற்றில் கறையாக நிற்கும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

கணவருடைய முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? வாகனப் பதிவு அலுவலகம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரத்தில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் பார்க்கிங் நிறுவனம், ஒரு காருக்கு 2.50 பவுண்டு கட்டினால், கார் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்ற விவரம் கிடைக்கும்.

ஒரு காலத்தில் இந்த நிறுவனங்கள் கடிதம் எல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. நேராகச் சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிடும். காசு தந்தால்தான் திறப்பார்கள். 2012 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் அப்படிப் பூட்டுவது தடை செய்யப்பட்டது. அதே சட்டம்தான், ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே பணம் கேட்கலாம் என்ற வழியையும் திறந்துவிட்டது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. காரில் நோட்டீஸ் வைக்காமல் கேமராவை மட்டும் நம்பினால், 14 நாளுக்குள் கடிதம் வீடு வந்து சேர வேண்டும். இந்தக் கடிதம் ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. அந்த ஓட்டை இங்கே இல்லை.

மேனேஜரும் மறுப்புக் கடிதமும்

கடை மேனேஜரிடம் சொன்னார். "கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். பத்து நாள் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை கேட்டபோது, "ஓ, அதுவா?" என்றார்.

கெடு முடிவதற்குள் கணவர் பெயரிலேயே அந்த நிறுவனத்துக்கு எழுதிப் போட்டார்கள். காரில் வந்தவர் அங்கே வேலை செய்பவர், அன்று ஷிஃப்ட் இருந்தது, கார் மட்டும் மாறிவிட்டது என்று நான்கு வரி. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'உங்கள் வாகனம் பட்டியலில் இல்லை. மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது.' 60 பவுண்டு சலுகையை மட்டும் இன்னும் 14 நாளுக்கு நீட்டித்திருந்தார்கள். அதோடு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே தங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று ஒரு வரி. வழக்கின் பெயரும் இருந்தது. 'பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ், 2015'.

உச்ச நீதிமன்றம் என்று பார்த்ததும் கணவர் கட்டுவதற்கு கார்டை எடுத்துவிட்டார். பெரியவர்தான் சொன்னார்.

"அந்த வழக்கு வந்த இடம் செம்ஸ்ஃபோர்டு. எங்கட கடையில இருந்து பெரிய தூரமில்லை. ஒருக்கா போய்ப் பார்ப்பம். அது எங்கட இடம் மாதிரியோ இல்லையோ எண்டு கண்ணால கண்டிட்டுக் காசைக் கட்டுறதெண்டால் கட்டுங்கோ."

பாடப் புத்தகத்தில் படித்த பெயர்

இல்ஃபோர்டில் ஏறினால் செவன் கிங்ஸ், குட்மேஸ், சாட்வெல் ஹீத், ராம்ஃபோர்டு என்று ஒவ்வொரு நிலையமாக நின்று ஷென்ஃபீல்டு வரை எலிசபெத் லைன் ரயில் போகிறது. ராம்ஃபோர்டைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து வயல்கள் எட்டிப் பார்க்கின்றன. ஷென்ஃபீல்டில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். அங்கே இருந்து செம்ஸ்ஃபோர்டு பக்கம்தான்.

ரயில் மாறிய இடைவெளியில் பெரியவரின் மனைவி பையைத் திறந்தார். வாழையிலை கிடைக்காத ஊரில் ஃபாயில் தாளில் சுற்றிய இடியப்பமும் சம்பலும்.

"முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளை. கோர்ட்டுக் கேசெல்லாம் வெறும் வயித்தில யோசிக்கக் கூடாது."

"அண்ணி, நீங்க வராம இருந்தா நாங்க பட்டினிதான்."

செம்ஸ்ஃபோர்டு என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் கேட்டிருப்பார்கள். 1919-ம் வருடத்து மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம். பரீட்சைக்குத் தவறாமல் வரும் கேள்வி. அந்த வைசிராயின் பட்டப்பெயர் இந்த ஊரின் பெயர்தான். எசெக்ஸின் தலைநகரம். 2012-ல்தான் 'சிட்டி' என்ற அந்தஸ்து கிடைத்தது.

ரயில் நிலையம் தரைமட்டத்தில் இல்லை. உயரமான மேட்டில் இருக்கிறது. செங்கல் வளைவுகள் மேல் ரயில் பாதை ஓட, கீழே பூங்காவும் ஏரியும். செல்மர், கேன் என்ற இரண்டு சின்ன ஆறுகள் ஊருக்குள்ளேயே கலக்கின்றன. நம் ஊர்க் கால்வாய் அளவுதான். ஆனால் தண்ணீர் வற்றுவதில்லை.

நிலையத்தில் இருந்து சில நிமிட நடையில் நியூ ஸ்ட்ரீட். அங்கே 1912-ல் மார்க்கோனி கட்டிய வானொலித் தொழிற்சாலையின் முன்கட்டடம் இன்னும் நிற்கிறது. பின்னால் குடியிருப்புகள் வந்துவிட்டன. 1920 ஜூன் 15 அன்று ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா இந்தத் தொழிற்சாலையில் இருந்து பாடியது பல நாடுகளில் வானொலியில் கேட்டது. வானொலியின் பிறந்த ஊர் என்று செம்ஸ்ஃபோர்டு பெருமை பேசுவது இதனால்தான்.

"எங்கட இலங்கை வானொலிக்கும் ஒரு வகையில இதுதான் தாய்வீடு" என்றார் பெரியவர். அவர் மனைவி உடனே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

56 நிமிடத்தின் கதை

விக்டோரியா சாலையில் நடந்தால் ரிவர்சைடு ரீடெய்ல் பார்க் வருகிறது. வந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கடைகள், கார்கள், வண்டியில் சாமானைத் தள்ளிக்கொண்டு போகும் குடும்பங்கள். சரித்திரம் நடந்த இடம் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

2013 ஏப்ரல் 15 அன்று, எசெக்ஸில் மீனும் சிப்ஸும் விற்கும் கடை வைத்திருந்த பீவிஸ் இங்கே காரை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் வரை இலவசம். அவருடைய கார் இருந்தது இரண்டு மணி 56 நிமிடம். அதற்கு 85 பவுண்டு கேட்டு நோட்டீஸ் வந்தது. 14 நாளுக்குள் கட்டினால் 50.

அவர் கட்டவில்லை. 'நான் கூடுதலாக நின்றதால் இந்த நிறுவனத்துக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. நஷ்டமே இல்லாமல் இவ்வளவு பெரிய தொகை கேட்பது தண்டனை. ஒப்பந்தத்தின் பேரில் தண்டனை விதிக்கத் தனியாருக்கு உரிமை இல்லை' என்பது அவருடைய வாதம். கீழ்க் கோர்ட், மேல்முறையீட்டுக் கோர்ட் என்று போய், 2015 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகள். ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம். ஒருவர் மட்டும் பீவிஸின் பக்கம்.

பெரியவர் தீர்ப்பின் அச்சுப் பிரதியைப் பையில் கொண்டுவந்திருந்தார். பென்சில் கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துக்கொண்டே கேட்டார்.

நீதிபதிகள் பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று, இந்த இடத்துக்கு இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு தேவைதானா? பக்கத்திலேயே ரயில் நிலையம், நடக்கும் தூரத்தில் நகர மையம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் காரை இலவசமாக விட்டுவிட்டு மாலையில்தான் வருவார்கள். கடைக்கு வருகிறவருக்கு இடம் இருக்காது. ஆகவே அதைத் தடுப்பதில் நில உரிமையாளருக்கு நியாயமான அக்கறை இருக்கிறது.

இரண்டு, நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்ததா? வாசலிலும் உள்ளேயுமாக 20 போர்டுகள் இருந்தன. பெரிய எழுத்து, தெளிவான எழுத்து, கண்ணில் படும் இடம். 85 பவுண்டு என்ற தொகையும் அதில் பளிச்சென்று இருந்தது. தெரிந்தே நிறுத்தினார் என்று கொள்ளலாம்.

தீர்ப்பில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. இந்த இடத்தை நிர்வகிக்கப் பார்க்கிங் நிறுவனத்துக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அந்த நிறுவனம்தான் நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்டு தந்துகொண்டிருந்தது. வருமானம் எல்லாம் நோட்டீஸில் இருந்துதான்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அண்ணா, இங்க 20 போர்டு இருந்திருக்கு. நம்ம கடைக்குப் பின்னாடி எத்தனை இருக்கு?"

பெரியவர் யோசித்தார். "ஒண்டு. அதுவும் அந்தச் செடிக்குப் பின்னால."

"நான் போனது காலைல ஆறரைக்கு. இருட்டு. அங்க லைட்டும் கிடையாது. அதோட, பீவிஸ் கடைக்கு வந்தவர். நான் அங்க வேலைக்குப் போனவ. கடைக்காரங்களே நிறுத்தச் சொன்ன இடத்துலதான் நிறுத்தினேன்."

"அதுதான் பிள்ளை விசயம். இந்தத் தீர்ப்பு உவைக்கு எல்லா இடத்துக்கும் குடுத்த லைசென்ஸ் இல்லை. இந்த இடத்துக்கு, இந்த போர்டுகளுக்குக் குடுத்த தீர்ப்பு."

வேலை செய்கிறவரின் உரிமை எங்கே இருக்கிறது?

ஒரு கடை தன் வாடகை ஒப்பந்தத்திலேயே ஊழியர்கள் கார் நிறுத்தும் உரிமையைப் பெற்றிருக்கலாம். அப்படி ஏற்கெனவே இருக்கும் உரிமையை, பின்னால் வந்த ஒரு பார்க்கிங் நிறுவனம் போர்டு வைத்துப் பறித்துவிட முடியுமா? 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டி கோர்ட்டில் ஒரு மேல்முறையீடு வந்தது. தான் குடியிருக்கும் கட்டட வாசலில் வீட்டுச் சாமான் இறக்கக் காரை நிறுத்திய ஒருவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. அவருடைய குடியிருப்பு ஒப்பந்தம் தந்த உரிமையைப் போர்டு வைத்துக் குறைக்க முடியாது என்று தீர்ப்பானது.

அதற்காக, வேலை செய்யும் இடம் என்றாலே உரிமை வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2017-ல் வேல்ஸின் தலைநகரம் கார்டிஃபில், பல்கலைக்கழக மருத்துவமனை ஊழியர்கள் மூன்று பேர் இதே மாதிரி வழக்கில் தோற்றார்கள். ஊழியர்களுக்குப் போதுமான இடம் இல்லை என்ற குறை உண்மையான குறைதான். ஆனால் அது அவர்களைக் காப்பாற்றவில்லை. நோயாளிகளைக் கவனிக்கப் போனவர்கள் மேல் இப்படிப் பாரம் ஏறியது பெரிய செய்தியானது. அடுத்த வருடம் அந்தத் தனியார் ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கே பார்க்கிங் இலவசமானது.

ஆக, கேள்வி 'நான் இங்கே வேலை செய்கிறேனா?' என்பது இல்லை. 'இங்கே நிறுத்த எனக்கு அனுமதி தந்தது யார், அதற்கு என்ன சாட்சி?' என்பதுதான். அனுமதி தந்தவர் கடைக்காரர். அந்தச் சாட்சியை அவர்தான் எழுத்தில் தர வேண்டும்.

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. ரயில் மேடையில் நிற்கும்போது அந்தப் பெண் போனில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டார். ஷிஃப்ட் அட்டவணை. சம்பளச் சீட்டு. பேட்டரி மாற்றிய பில். போர்டின் படம், காலை ஆறரைக்கு. கடைசியில்: மேனேஜர் கடிதம்.

60-ஐ விடுவதா?

நிறுவனம் மறுத்துவிட்டால் அடுத்த படி சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு. பார்க்கிங் நிறுவனங்களுக்கு இரண்டு சங்கங்கள் உண்டு. ஒரு சங்கத்து உறுப்பினர் என்றால் 'பாப்லா' என்ற அமைப்புக்குப் போகலாம். இன்னொரு சங்கம் என்றால் 'ஐஏஎஸ்'. நம் ஊர்க் கலெக்டர் அல்ல. அதுவும் மேல்முறையீட்டு அமைப்பின் சுருக்கம்தான். எந்தச் சங்கம் என்பது கடிதத்தின் அடியில் இருக்கும். இவர்களுக்கு வந்தது பாப்லா. கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதத்தில் இருக்கும் எண்ணை வைத்து 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாப்லா சொல்லும் முடிவுக்கு நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். கார்க்காரர் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பாப்லாவுக்குப் போனால் 60 பவுண்டு சலுகை போய்விடும். தோற்றால் 100.

அன்று இரவு வீட்டில் அதே பேச்சுத்தான்.

"40 பவுண்டுக்காக இவ்வளவு அலையணுமா?" என்றார் கணவர்.

"40 பவுண்டு இல்லீங்க. நான் தப்பு பண்ணலை. பண்ணாத தப்புக்கு அஞ்சு மணி நேரம் பெட்டி தூக்கின காசைக் குடுக்கணுமா? எங்கம்மா மாத்திரைக்கு அனுப்புற காசு அது."

கணவர் கார்டை உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் கடைக்குப் பின்னால் நின்று படம் எடுத்தார். படத்தில் இருட்டும் செடியும்தான் தெரிந்தன. போர்டு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் அதன் ஒரு மூலை தெரியும். பிறகு மேனேஜரிடம் போனார். இந்த முறை 'கொஞ்சம் பாருங்கள்' என்று கேட்கவில்லை. தானே எழுதிக் கொண்டுபோன நான்கு வரியை மேசையில் வைத்தார்.

'இவர் எங்கள் ஊழியர். குறிப்பிட்ட நாளில் இந்த நேரத்தில் இருந்து இந்த நேரம் வரை வேலையில் இருந்தார். கடைக்குப் பின்னால் கார் நிறுத்த எங்கள் ஊழியர்களுக்கு அனுமதி உண்டு. அன்று அவர் வேறு காரில் வந்தார்.'

"இதில் உண்மை இல்லாதது ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள்" என்றார். மேனேஜர் இரண்டு முறை படித்தார். அடிக்க ஒன்றும் இல்லை. கடையின் பெயர் அச்சடித்த தாளில் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் மனது இல்லாமல் இல்லை. அதுவரை அவரிடம் யாரும் என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து பாப்லாவுக்கு அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் ஆத்திரம் ஒரு வரி கூட இல்லை. யார் அனுமதி தந்தது, என்ன சாட்சி, போர்டு எப்படி இருந்தது. மூன்றே பத்தி.

வெட்டப்பட்ட செடி

கிறிஸ்துமஸ் போனது. கடையில் மூச்சுவிட நேரம் இல்லாத நாட்கள். ஒவ்வொரு நாளும் தபால் வரும்போது மட்டும் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும். ஜனவரியில் ஒரு மாலை கணவர் போன் செய்தார்.

"பாப்லால இருந்து மெயில் வந்திருக்கு."

"என்னவாம்?"

"அந்தக் கம்பெனி எதிர்த்து ஒண்ணும் அனுப்பலையாம். நோட்டீஸை அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. ஒரு பைசா கட்ட வேண்டாம்."

மன்னிப்பு இல்லை. விளக்கமும் இல்லை. இரண்டே வரி. பெரியவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டு அதையும் முழுக்கப் படித்தார்.

"உதையும் எடுத்து வையுங்கோ பிள்ளை. கடுதாசியை ஒருநாளும் எறியக் கூடாது."

அடுத்த வாரம் ஊழியர்கள் சாப்பிடும் அறையில் மேனேஜர் ஒரு தாளை ஒட்டினார். வீட்டில் வேறு கார் இருந்தால் அந்த எண்ணையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி. முதல் பெயராக அந்தப் பெண் இரண்டு எண்களை எழுதினார். அவருக்குக் கீழே, போன மாதம் 60 பவுண்டு கட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்த இன்னொரு பெண் எழுதினார்.

சில நாள் கழித்துக் காலை ஷிஃப்டுக்கு வந்தபோது கடைக்குப் பின்னால் ஏதோ மாறியிருந்தது. காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். அந்தச் செடியை யாரோ இடுப்பளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். போர்டு முழுசாகத் தெரிந்தது. அவர் முதல் முறையாக அதை மேலிருந்து கீழ் வரை நின்று படித்தார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்.